மூண்டாவது குதிரை

இன்ஸாப்: ...ரெண்டுதான் முஸ்பிறா. எத்தின தரம் எண்ணினாலும் ரெண்டுதான்.

முஸ்பிறா: திருப்பித் திருப்பி எண்ணினா குட்டி போடுமெண்டு நெனச்சீங்களா?

இன்ஸாப்: பகிடி உடாத புள்ள. சவளக்கடைத் தங்கரத்தினம் அண்ணன்ட செவலை வந்திட்டு. இப்றாஹிம் ஹாஜியார்ர கறுப்பி வந்திட்டு. மூண்டாவதக் காணல்ல.

முஸ்பிறா: அந்தக் கறுப்பி நிண்டுக்கிட்டே தூங்குது, பாத்தீங்களா? அதையும் அரையாத்தான் எண்ணணும்.

இன்ஸாப்: அதுக்கு இருவத்திரெண்டு வயசு. நம்மட மகளுக்கு ஒரு வயசு மூப்பு.

முஸ்பிறா: ஸப்னாவுக்காவது மாப்புள கெடச்சிட்டான்... இஞ்சருங்க, மைக்கக் கையில வெச்சிட்டுப் பெருமூச்சு உடாதீங்க. ஓட்டோவுட கூரையில ஸ்பீக்கர் கட்டி இரிக்கி. திடல் முழுக்கக் கேக்குது.

இன்ஸாப்: கேக்கட்டும். மூண்டு பத்தாகுது. அஸர் பாங்கு சொல்ல முந்தி மூண்டு குதிரை...

முஸ்பிறா: எங்கட மூத்தவாப்பா திடல ஊருக்கு எழுதிக் குடுத்த காணி உறுதிய எனக்கே படிச்சுக் காட்டுறீங்களா? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், அஸருக்கு முந்தி, மூண்டு குதிரைக்குக் குறையாம இந்தத் தூணில இருந்து அந்தத் தூணுக்குப் போகணும். ஒரு வருஷம் தவறினாலும் திடல் அவர்ர பொம்புளப் புள்ளைகள்ர வழிக்கே திரும்பிடும்.

இன்ஸாப்: அந்த வழியில இப்ப மிஞ்சி இரிக்கிற நீ ஒராள்தான்.

முஸ்பிறா: ஓம். இன்னும் இருவது நிமிஷத்தில நான்தான் இந்தக் காணிக்குப் போடியார். எழும்பி நிண்டு கதைங்க.

இன்ஸாப்: சிரிக்கிறா பாரு! ஊர்ச் சனம் என்ன சொல்லும்? ஓட்டக் கொமிட்டிச் செயலாளர், பொஞ்சாதிக்குக் காணி வரட்டுமெண்டு குதிரைய ஒளிச்சிட்டான் எண்டு சொல்லும்.

முஸ்பிறா: ஒளிச்சீங்களா?

இன்ஸாப்: ...என்னது?

முஸ்பிறா: சும்மா கேட்டன்.

இன்ஸாப்: குதிரைய எங்க புள்ள ஒளிக்கிற? சட்டப் பையிலயா?

முஸ்பிறா: சரி, உடுங்க. நேத்து நீங்க தொழப் போன நேரம் சம்மாந்துறை அரிசி மில் முதலாளி திரும்பவும் வந்தார். நெல் காயப் போடத் தளம் கட்ட இந்தத் திடல்தான் தோதாம். பாதியத் தந்தா மத்தப் பாதியில ஸப்னாக்கு ஊடு கட்டித் தாறாராம். மாடியோட.

இன்ஸாப்: மாடியோடயா?

முஸ்பிறா: கண்ணு விரியுது!

இன்ஸாப்: விரியல்ல... வெயில்.

முஸ்பிறா: பின்னால திரும்பித்தான் நிக்கிறீங்க. வெயில் முதுகில.

இன்ஸாப்: இன்னும் நாலு மாசத்தில கலியாணம் புள்ள. மாப்புள ஊட்டாக்கள் நல்ல மனிசர், வாய் திறந்து ஒண்டும் கேக்கல்ல. அதுக்காக ஊடு இல்லாம ஒரு பொண்ண ஆரு நம்மட ஊர்ல கட்டிக் குடுத்த? நாம வெட்டின அத்திவாரக் குழியில போன மாரியே தவளை குடி வந்திட்டு.

முஸ்பிறா: அப்ப மூண்டாவது குதிரை வராட்டி நல்லதுதானே?

இன்ஸாப்: அப்பிடிச் சொல்லாத! முப்பது வருஷமா இந்தத் திடல்ல நிக்கிறன். அந்தக் காலத்தில பதினாலு குதிரை ஓடினது. புழுதியில பக்கத்தில நிக்கிறவன்ட மூஞ்சி தெரியாது.

முஸ்பிறா: இப்ப எல்லார்ர மூஞ்சியும் வடிவாத் தெரியுது. முக்கியமா உங்கட மூஞ்சி. அந்த மூண்டாவது குதிரைக்கார ஹமீட்டுக்குப் போன் எடுத்தீங்களா?

இன்ஸாப்: எடுத்தன், எடுத்தன். அவன்ட போன் ஓப் பண்ணி இரிக்கி.

முஸ்பிறா: இன்னொருக்கா எடுங்க.

இன்ஸாப்: பெட்டறி முடிஞ்சி.

முஸ்பிறா: இந்தாங்க என்ட போன்.

இன்ஸாப்: அவன்ட நம்பர் என்ட போன்லதானே...

முஸ்பிறா: எனக்கு மனப்பாடம். சொல்லட்டா?

இன்ஸாப்: உனக்கு எப்பிடி அவன்ட... புள்ள, அது என்ன லொறி? அந்தா, வாய்க்கால் பக்கமா!

முஸ்பிறா: அல்ஹம்துலில்லாஹ்! வெள்ளையன்! ஹமீட்ட கலியாணக் குதிரை!

இன்ஸாப்: வந்திட்டானா?

முஸ்பிறா: மொகம் ஏன் இப்பிடிப் போச்சு? சிரிங்க. சனம் பாக்குது.

இன்ஸாப்: சிரிக்கிறன்... டேய் ஹமீட்! நீ... நீ எப்பிடிடா வந்த?

ஹமீட்: லொறியில இன்ஸாப் காக்கா.

இன்ஸாப்: அது தெரியுது!

ஹமீட்: மருதமுனையில ஒரு மாப்புள ஊர்வலம். மாப்புளய எறக்கி உட்ட கையோட வந்தன். மினுக்குச் சீலையக் கழட்டவும் நேரமில்ல.

முஸ்பிறா: காதில பூவும் இரிக்கி. வடிவாத்தான் நிக்கிது. ஓடுமா தம்பி?

ஹமீட்: ஓடும் எண்டு நான் எப்ப ராத்தா சொன்ன? நடக்கும். பதினொரு வருஷமா மாப்புளமாரச் சுமக்குது. மரியாதையா நடக்கும்.

முஸ்பிறா: உறுதியில ஓடணும் எண்டு இல்ல. போகணும் எண்டுதான் இரிக்கி. ஏறு, ஏறு!

ஹமீட்: காக்கா, மொறைக்காதீங்க. ஓட்டம் முடிஞ்ச மறுகா சொல்லுறன்.

முஸ்பிறா: என்னத்த மறுகா சொல்லுற?

இன்ஸாப்: ஒண்டுமில்ல! போடா, போய் மத்த ரெண்டோட நில்லு... ம்... ஹலோ... ஹலோ... மைக் சோதனை... ஒண்டு, ரெண்டு, மூண்டு...

முஸ்பிறா: என்ன செஞ்சீங்க! செவலை பறக்குது!

இன்ஸாப்: அய்யோ, நான் மைக்கத்தான் சோதிச்சன் புள்ள!

முஸ்பிறா: கறுப்பியும் முழிச்சிட்டு! ஓடுது பாருங்க... இருவத்திரெண்டு வயசுக்கு என்ன ஓட்டம்! வெள்ளையன் எங்க?

இன்ஸாப்: நடக்குது... நடக்குது... நிண்டிட்டு.

முஸ்பிறா: ஏன்?

இன்ஸாப்: சனம் முழுக்கப் போனத் தூக்கி வீடியோ எடுக்குது. ஊர்வலத்தில ஆரும் போனத் தூக்கினா போட்டோவுக்கு நிக்கணும் எண்டு பழக்கி வெச்சிரிக்கான் ஹமீட்.

முஸ்பிறா: அந்தா, கழுத்தத் திருப்பிக் காட்டுது... றப்பே, மத்தப் பக்கத்தையும் காட்டுது!

இன்ஸாப்: ஹமீட் காலால இடிக்கிறான். அசையுதில்ல. செவலை தூணத் தாண்டிட்டு... கறுப்பியும் தாண்டிட்டு.

முஸ்பிறா: பாங்குக்கு எத்தின நிமிஷம்?

இன்ஸாப்: நாலு... உடு புள்ள. நம்மளால ஏலுமானதச் செஞ்சிட்டம். குதிரை வந்திச்சி, நிண்டிச்சி. ஆரும் நம்மளக் குறை சொல்ல ஏலா. ஸப்னாக்கும் ஒரு...

முஸ்பிறா: மைக் உங்கட கையிலதானே இரிக்கி?

இன்ஸாப்: இரிக்கி.

முஸ்பிறா: பின்ன என்ன?

இன்ஸாப்: ...மாடியோட எண்டு சொன்னியே.

முஸ்பிறா: ம். மூண்டு நிமிஷம்.

இன்ஸாப்: யா அல்லாஹ்... ஹலோ! எல்லாரும் போனக் கீழ போடுங்க! வாப்பாமார், உம்மாமார், தம்பிமார்... குதிரை போட்டோவுக்கு நிக்கிது! தயவு செஞ்சு கீழ போடுங்க!

முஸ்பிறா: ஒருத்தரும் கேக்கிறாப்புல இல்ல. இப்ப உங்களயும் சேத்து வீடியோ எடுக்குதுகள்.

இன்ஸாப்: ஹலோ! கொமிட்டி அறிவிக்கிது! ஒரு போன் மேல தெரிஞ்சாலும் இண்டைக்குத் தட்டச் சுத்தி இருந்து தின்னுற சகன் சோறு இல்ல! எறச்சிச் சட்டி மூடினபடியே திரும்பிப் போகும்!

முஸ்பிறா: எறங்கிட்டு! எல்லாம் எறங்கிட்டு! சுபுஹானல்லாஹ், என்ன பசி இந்த ஊருக்கு!

இன்ஸாப்: நடக்குது புள்ள... வா வெள்ளையா... வா வாப்பா... டேய் அப்ராஸ், போன எறக்குடா! ஒன்ட பங்கு எலும்புதான்!... வா, வா, இன்னும் ரெண்டு தென்னை தூரம்...

முஸ்பிறா: குந்தி இருந்து சொல்லுங்க, ஓட்டோ ஆடுது!

இன்ஸாப்: தாண்டிட்டு! முஸ்பிறா, தாண்டிட்டு!

முஸ்பிறா: ஷ்... பாங்கு. மைக்க நிப்பாட்டுங்க.

ஹமீட்: காக்கா! ராத்தா! பாங்குக்கு முந்தியா, பிந்தியா?

முஸ்பிறா: குதிரை முந்தி தம்பி. வால்தான் கொஞ்சம் பிந்தி.

இன்ஸாப்: வாலை உறுதியில எழுதல்ல. செல்லும். இந்த வருஷம் தப்பிச்சி... அடுத்த வருஷம் கறுப்பி இரிக்கிமோ தெரியா.

ஹமீட்: அடுத்த வருஷத்துக்கு வெள்ளையன ஓடவும் பழக்குறன். ஆனா ஒண்டு, நீங்க ரெண்டு பேரும் ஊட்ட ஒண்டா இருந்து கதைச்சு முடிவெடுத்திட்டு எனக்குச் சொல்லுங்க. காக்கா வராத எண்டுறார். ராத்தா வா எண்டுறா. ஆர்ர சொல்லக் கேக்கிறதெண்டு தெரியாம மருதமுனைச் சந்தியில லொறிய மூண்டு தரம் திருப்ப வெச்சன்!

இன்ஸாப்: ஹமீட்! போய்க் குதிரைக்குத் தண்ணி காட்டு!

ஹமீட்: போறன், போறன். எனக்கு ஒண்டும் தெரியா.

இன்ஸாப்: அப்பிடிப் பாக்காத புள்ள.

முஸ்பிறா: வராத எண்டா சொன்னீங்க?

இன்ஸாப்: ...ஓம். நேத்து. மகள்ர மொகத்தப் பாக்கேக்குள்ள சொல்லிட்டன். ஆனா அந்தக் குதிரை அங்க கழுத்தத் திருப்பிக்கிட்டு நிக்கக்குள்ள... முப்பது வருஷம் புள்ள... என்னால ஏலாமப் போச்சு.

முஸ்பிறா: தெரியும். நீங்க அவனோட கதைக்கக்குள்ள நான் கோழிக் கூட்டுக்குப் பின்னால நிண்டன். நீங்க வெச்சதும் நானும் அவனுக்குப் போன் எடுத்து வரச் சொன்னன்.

இன்ஸாப்: நீ ஏன் எடுத்த? சும்மா இருந்திருந்தா காணி உன்ட கைக்கு வந்திரிக்குமே!

முஸ்பிறா: வந்திரிக்கும். வருஷா வருஷம் பெருநாளைக்கு நீங்க நெல் காயுற தளத்தில போய் நிப்பீங்க. காகம் வெரட்ட வந்த ஆள் எண்டு சனம் நெனைக்கும். எனக்கெல்லவா வெக்கம்?

இன்ஸாப்: பகிடிய உடு முஸ்பிறா. ஸப்னாக்கு எங்க ஊடு? நாலு மாசத்தில என்னத்தக் குடுக்கப் போறம்?

முஸ்பிறா: குடுத்தாச்சி.

இன்ஸாப்: எந்த ஊட்ட?

முஸ்பிறா: எங்கட உம்மா எனக்குத் தந்த ஊட்டத்தான், நாம இரிக்கிற ஊட்ட. போன வியாழக்கிழமை கல்முனைக்குப் போய் உறுதி எழுதுற நொத்தாரிசுட்ட மகள்ர பேருக்கு எழுதிட்டன். பின்வளவில ரெண்டு அறை கட்டினா நமக்குக் காணும். அதுவரைக்கும் நீங்களும் நானும் ஸப்னாட ஊட்டு விருந்தாளிதான்... இந்தப் புழுதியோட உள்ள வந்திடாதீங்க, கெணத்தடியில காலக் கழுவிட்டு வாங்க.