ஆமாவுக்கு அடுத்த வார்த்தை

அம்மா: பேத்திங்க... பொம்பளப் புள்ள. இப்பத்தான் மாப்பிள்ளை போன் பண்ணினார். தாயும் சேயும் நல்லா இருக்காங்களாம். கேட்டுச்சா?

அப்பா: ஆமா.

அம்மா: அழாதீங்க. அழுதா மூக்கு அடைச்சுக்கும், அப்புறம் பாட்டு எங்கேருந்து வரும்? இன்னும் கொஞ்ச நேரத்துல அவளே கூப்பிடுறாளாம். அப்பா குரலைக் கேட்டே ஆகணுமாம்.

அப்பா: ஆமா... ஆமா ஆமா.

அம்மா: அது "வேணாம்"ங்கிற ஆமா. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே. பக்கவாதம் வந்ததுலேருந்து எல்லாத்துக்கும் இந்த ஒரே ஆமாதான். காபி வேணுமான்னாலும் ஆமா, வேணாமான்னாலும் ஆமா. கல்யாணமாகி இத்தனை வருஷமா உங்க வாயிலேருந்து வராத ஆமாவெல்லாம் இப்ப மொத்தமா... சரி, சிரிச்சது போதும். இடது கையை முழங்கால்ல வைங்க.

அப்பா: ஆமா... ஆமா.

அம்மா: ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்குற பாட்டு டீச்சர் என்ன சொன்னாங்க? மூளையில பேச்சு இருக்கிற பக்கம்தான் அடி, பாட்டு இருக்கிற பக்கம் பத்திரமா இருக்கு. முன்வாசல் பூட்டிக்கிச்சா, பின்வாசல் வழியா வார்த்தையைக் கூட்டிட்டு வாங்கன்னாங்கல்ல? தட்டுங்க. எப்...படி...

அப்பா: எப்...படீ...

அம்மா: இருக்...கே...

அப்பா: இருக்...கே... டா.

அம்மா: "டா" நான் சொல்லித் தரலையே... நீங்களே போட்டீங்களா?

அப்பா: ஆமா.

அம்மா: இது நெஜ ஆமா. இன்னொரு தடவை. முழுசா.

அப்பா: எப்... எப்... ஆமா. ஆமா. ஆமா.

அம்மா: மேசையைக் குத்தாதீங்க, டம்ளர் விழுந்துடும். கோவப்பட்டா ராகம் ஓடிப்போயிடும். இது உங்களுக்குத் தோதான ராகமே இல்ல. இருங்க... பஸ்ல கண்டக்டரா இருந்தப்ப ஸ்டாப் பேரை எப்படிக் கூப்பிடுவீங்க? பாதி பஸ் தூக்கத்துலேருந்து பதறி எந்திரிக்குமே.

அப்பா: மார்...க்கெட்டேய்... மார்...க்கெட்ட்...

அம்மா: அடேயப்பா... வந்துடுச்சுங்க. அதே இழுப்புல... எப்...படி...

அப்பா: எப்...படியேய்... இருக்...கேடாவ்...

அம்மா: பெத்த பொண்ணுக்கு டிக்கெட்டா கிழிக்கிறீங்க? கூவாம... கொஞ்சம் மெதுவா.

அப்பா: எப்படி... இருக்கேடா.

அம்மா: ...

அப்பா: ஆமா?

அம்மா: ஒண்ணுமில்ல. இன்னும் ஒரு தடவை சொல்லுங்க. எனக்காக.

அப்பா: எப்படி... இருக்கேடா.

அம்மா: நல்லா இருக்கேங்க... ஐயோ, போன் அடிக்குது. உங்களுக்கு இப்படி ஆனது அவளுக்கு இன்னும் தெரியாது, ஞாபகம் வச்சுக்கோங்க. ரெண்டு தடவை கலைஞ்ச வயிறு, மனசு அதிரவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க, அதானே மறைச்சோம். உடம்பு தேறட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். இந்த ஒரு வரி போதும். மீதியை நான் பார்த்துக்கிறேன். ஸ்பீக்கர்ல போடுறேன்... ஹலோ?

மகள்: அம்மா... அப்படியே உன் மூக்கும்மா அவளுக்கு. குட்டியூண்டு. அப்பா இருக்காரா?

அம்மா: இதோ, பக்கத்துலயே இருக்கார். பேசுங்க.

மகள்: அப்பா...

அப்பா: எப்...படி... இருக்...கேடா...

மகள்: என்னப்பா... பாடுறீங்க?

அம்மா: சந்தோஷம்டி. பேத்தி வந்த சந்தோஷம். செய்தி வந்ததுலேருந்து பாட்டுதான்.

மகள்: நீ சும்மா இரும்மா. அப்பா... என் மேல இருந்த கோவம் போயிடுச்சா?

அப்பா: ஆமா... ஆமா?

மகள்: அப்ப நெஜமாவே கோவமாத்தான் இருந்தீங்களா? அம்மா சொன்னப்ப நான் நம்பவே இல்ல. நான் உங்களைக் கேக்காம வேலையை விட்டதுல உங்களுக்கு மனசு விட்டுப்போச்சு, அதான் போன்ல வர மாட்டேங்கிறார்னு...

அப்பா: ஆமா. ஆமா... ஆமா.

அம்மா: என்னை ஏன் அப்படிப் பார்க்குறீங்க? நான் வேற என்ன சொல்றது? அவ போன் பண்றப்பல்லாம் எத்தனை நாளைக்குத்தான் உங்களைக் குளிக்க அனுப்புறது, தூங்க வைக்கிறது?

மகள்: குளிக்க அனுப்பினியா? என்னம்மா சொல்றே? அது என்ன சத்தம்... யாரோ தட்டுற மாதிரி?

அம்மா: அது... அப்பாதான். முழங்கால்ல...

மகள்: அப்பா, தெனம் வயித்தைத் தடவிச் சொல்லுவேம்ப்பா... நீ நல்லபடியா வந்து சேரு, உனக்காகவாவது தாத்தா கோவத்தை விட்டுட்டுப் பேசுவார்னு. இன்னும் கோவம்னா திட்டவாவது செய்ங்கப்பா.

அம்மா: இருடி, நான் சொல்றேன்... என்னங்க, கையை விடுங்க. நீங்களே சொல்றீங்களா? ...சரி. தட்டுங்க. மெதுவா.

அப்பா: கோ...வம்... இல்...லடா. பேச்...சுதான்... வரல. பாட்...டு... வரு...து.