எம்ப்ளாயின்னா யாரு?

— தேடுனதுல எத்தன ஆய்வு வந்துச்சு?

— சைபருங்க, டாக்டர். ஒண்ணுகூட வரல.

— அவ்வளவுதான். ‘ஒப்பந்தத் தொழிலாளர்களின் நுரையீரல் நோய் பற்றி ஆய்வு எதுவும் இல்லை.’ இத அப்படியே டைப் அடி, செங்கமலம். நாலு மணிக்கு அறிக்க கமிட்டிக்குப் போகணும்.

— ஆய்வெல்லாம் இருக்குதுங்க. நீங்க தேடச் சொன்ன வார்த்ததான் தப்பு.

— லைப்ரரியில கான்ட்ராக்ட்ல புக்குக்கு நம்பர் ஒட்டுற நீ எனக்குத் தேடச் சொல்லித் தர்றியா?

— ‘எம்ப்ளாயி’ன்னு ஒண்ணே ஒண்ணு போட்டிருக்கீங்க.

— வேற என்னம்மா போடுவாங்க?

— இந்த ஊர்ல எம்ப்ளாயின்னா பர்மனென்ட். கம்பெனி க்வார்ட்டர்ஸ்ல குடியிருக்குறவங்க. எங்க அண்ணன் பன்னண்டு வருசமா நெலக்கரித் தூசியில நின்னுக்கினு இருக்கு. அத ஒருத்தரும் எம்ப்ளாயின்னு கூப்பிட்டதில்ல. ‘ஏ, கான்ட்ராக்ட்டு’ தான்.

— இத அமெரிக்காவுல இருக்குற கம்ப்யூட்டர் கிட்டப் போய் சொல்லு. அதுக்கு உங்க வடக்குத்து ஊர்ப் பேச்சு புரியும்.

— எழுதுனவங்களுக்குப் புரிஞ்சிருக்கே. வொர்க்கர், சுரங்கத்து மைனர், லேபரர், கான்ட்ராக்ட்டுன்னு ஆளுக்கு ஒண்ணா எழுதிருக்காங்க. எல்லாத்தையும் நடுவுல ‘ஆர்’, அதான் ‘அல்லது’, போட்டுக் கோக்கணும்.

— கோத்தா வண்டி வண்டியா குப்ப வரும். யாரு படிக்கிறது? உங்க அண்ணனா?

— நான் படிச்சிட்டேன். நானூத்திச் சொச்சம் வந்துச்சு. அதுல பதினொண்ணு நமக்கு ஆவும்.

— அட போம்மா. கான்ட்ராக்ட் ஆளு இருமுறது பீடியால. இதுக்கு ஆராய்ச்சி வேறயா?

— ஆய்வே இல்லன்னு போனா, அவங்களுக்கு வருசா வருசம் எடுக்கப்போற மூச்சு டெஸ்ட்ட கமிட்டி வேணாம்னு தள்ளிடும். எங்க அண்ணனுக்கு அதுதான் ஒரே வழி.

— தள்ளட்டுமே. உனக்காக அறிக்கைய மாத்தச் சொல்றியா?

— எனக்காக வேணாங்க. தேடுனது சரியான்னு பாக்க ஒரு வழி இருக்கு. நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆய்வ எடுத்து வச்சிக்கினு, அது மாட்டுதான்னு பாக்கணும். உங்க வலையில அது மாட்டல.

— எது அது?

— ஒரு எம்.டி. தீசிஸ். பழசு. தலைப்புல ‘லேபரர்’னு இருக்கு.

— லேபரராம்! எவனோ அரைவேக்காடு, பட்டத்துக்காகக் கிறுக்கினது. அதெல்லாம் ஆதாரமா?

— மொதப் பக்கம் மட்டும் படிக்கிறேன், கேளுங்க. ‘பீடியே தொடாமல் இருமி இருமி இறந்த என் அப்பா, கான்ட்ராக்ட் கூலி சடையப்பனுக்கு.’ கீழ கையெழுத்து, நெடுமாறன். உங்க கையெழுத்து இன்னும் மாறவே இல்லீங்க டாக்டர்.