ஹாஸுக்கு வேறு வேலை

எனக்குப் பிறர் எச்சில் ஆகாது. சொந்தப் பேரப்பிள்ளை கடித்த பிஸ்கட்டைக்கூடத் தொடமாட்டேன். அப்படிப்பட்டவன் அயோவாவில், மல்யுத்தத்துக்குப் பேர்போன ஒரு கல்லூரியில் விளையாட்டுத் துறை இயக்குநரானது என் தலையெழுத்து. போட்டிக்கு முன் எடை பார்க்கும் நாள் நெருங்கினால், தங்கள் எடைப் பிரிவுக்குள் அடங்கப் பிள்ளைகள் சாப்பாடு தண்ணீரை விட்டுவிடுவார்கள். உடம்பில் மிச்சமிருக்கும் ஈரமும் போகட்டும் என்று காகிதக் குவளையில் துப்பிக்கொண்டே வகுப்புக்குப் போவார்கள். ஜன்னல் விளிம்பில் அந்தக் குவளைகளைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

பயிற்சியாளர் லோவெல் ஹாஸை வேலையைவிட்டு நீக்கியது நான்தான். எடை குறைக்க ஒருவனுக்கு ரப்பர் உடையை மாட்டி, கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலன் அறையில் ஓடவிட்டான். பையன் மயங்கி விழுந்தான், சிறுநீரகம் கெட்டுப்போனது. பத்திரிகைகளில் ஊரே நாறியது. நீக்கினேன், பாராட்டினார்கள்.

மறுவாரமே மெர்ல் பிக்ஸ்பி வந்தார். பன்றிப் பண்ணைக்காரர், எங்கள் அரங்கத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர்.

"ஜெயிக்கிற குதிரைய யாராவது கொட்டில்லேர்ந்து துரத்துவாங்களாய்யா? ஏதாவது மூலையில உக்கார வை. வேலைக்குப் பேர மட்டும் மாத்து."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பழைய மாணவர் தொடர்பு அலுவலர் என்று பெயர் வைத்து, ஹாஸுக்கு அடித்தளத்தில் இடம் கொடுத்தேன், கொதிகலன் அறைக்குப் பக்கத்திலேயே. வேறு அறை காலியில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். மேல்மாடி முழுவதும் காலியாகத்தான் கிடந்தது.

புதிய பயிற்சியாளர் வேர்க்கவைத்து எடை குறைக்கும் வேலையெல்லாம் கூடாது என்றார். பிள்ளைகள் தலையாட்டிவிட்டு நேரே ஹாஸிடம் இறங்கிப் போனார்கள். புளித்த வேர்வை நாற்றம் என் அறைவரை வந்தது. அவன் பிள்ளைகளை உள்ளே விட்டுக் கொதிகலன் அறைக்கு வெளியே தாழ் போட்டுவிட்டு, "உங்கம்மா ஊட்டின பன்னெல்லாம் கரையட்டும்டா, அப்புறம் திறக்கறேன்" என்று சிரிப்பான். அருவருப்பான ஆள். அந்த ஆண்டு மாநிலத்தில் நாங்கள்தான் முதலிடம்.

எங்கள் மல்யுத்தப் பையன் டெரிக் ஹுலெட் இறந்த அன்று மாலை, நாற்றம் பொறுக்காமல் ஹாஸைக் கண்டிக்கக் கீழே போனேன். அவன் காபி வாங்கப் போயிருந்தான். கொதிகலன் அறையின் உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

"கோச், போதும். திறங்க."

"கோச் இல்லப்பா, நான்."

"சார், நீங்களா? நல்லவேளை. திறங்க சார், கண்ண இருட்டுது."

"எடை மெஷின்ல எவ்வளவு காட்டுது?"

"இன்னும் ரெண்டு பவுண்டு குறையணும் சார்."

"ரெண்டுதானே, பொறுத்துக்க. நாளைக்குப் போட்டில உன்னத்தான் நம்பியிருக்கோம்."

பிறகு அவன் வாந்தி எடுத்தான். வெறும் வயிற்றுப் பித்தம் கதவுக்கடியில் கசிந்து என் காலணியில் பட்டது. தாழ்ப்பாள் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஹாஸின் வேர்வைக் கை பட்டுப் பிசுபிசுவென்றிருந்தது, தொடப் பிடிக்கவில்லை. தட்டும் சத்தம் தளர்ந்துகொண்டே வந்தது. மேலே போய்க் காலணியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அப்புறம் மெர்லோடு சாப்பிடப் போனேன். பன்றி விலா, நன்றாக வெந்திருந்தது.

ஆமாம், நான் திறந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். டாக்டரும் அதையேதான் சொன்னார்.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக ஹாஸை வெளியே அனுப்பினேன். மெர்ல் போனில் எவ்வளவோ கெஞ்சினார், இந்த முறை நான் மசியவில்லை. பிள்ளைகளின் உயிர் விஷயத்தில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை.