காது தவறிய மத்தியானம்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, இன்ஸ்பெக்டர் ஐயா. உட்கார்ந்ததிலிருந்து ஆடுகிறது. ஒரு மரச்சில்லைச் செருகினால் தீர்ந்தது. இதில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லையா, தோன்றியும் சொல்லப் பயமா? எனக்கு இந்த மாதிரி விஷயங்கள் பொறுக்காது. என்னைப் பற்றி முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

என் பெயர் இராஜகுமாரி. ரங்கூன் காலேஜில் கணிதம் படித்து பி.ஏ. தேறியவள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் கைநாட்டைத் தாண்டியவர் எவரும் இல்லை. அந்தப் படிப்புக்குக் கிடைத்தது, ரங்கூனை அடுத்த தாகேதா வெட்டவெளியில் எண்ணெய்க் குழாய் வந்து முடிகிற தகரக் கொட்டகையில் டெலிபோன் எடுக்கிற வேலை.

வடக்கேயிருந்து வருகிற கச்சா எண்ணெயில் மெழுகு அதிகம். குளிர் நாளில் அது குழாயின் உட்புறம் அப்பிக்கொண்டு வழியை அடைக்கும். அதைச் சுரண்டி எடுக்க, சுற்றிலும் பற்கள் வைத்த இரும்புக் கட்டை ஒன்றைக் குழாய்க்குள் விடுவார்கள். பின்னால் வருகிற எண்ணெயின் அழுத்தமே அதைத் தள்ளிக்கொண்டு வரும். துரைமார் அதற்குப் பிசாசு என்று பேர் வைத்திருந்தார்கள். நம் ஆட்களுக்கு அது சுரண்டி.

சுரண்டி வந்து சேர்ந்ததா என்று சொல்வது என் அப்பா ஜெபதாஸின் வேலை. ஒரு மூங்கில் குச்சியைக் குழாயின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் குனிந்து நிற்பார். கரகரவென்ற சத்தம் நெருங்கி வந்து, கடைசியில் ‘டொக்’ என்று முட்டும். “வந்துருச்சு” என்பார். சொன்ன கையோடு குச்சியை எடுத்துச் சுவரில் சாத்திவிடுவார். உடனே அவரோடு வேலை செய்கிற சின்னத்தம்பி வால்வுச் சக்கரத்தைச் சுற்றி, பின்னால் இருக்கும் எண்ணெயை அடைப்பான். பிறகு முனைக் கதவைத் திறந்து சுரண்டியை வெளியே இழுப்பான். அவன் உயிர் அப்பா சொல்லும் ஒரு வார்த்தையில் இருந்தது. இதை ஒரு வேலைமுறை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

சக்கரம் சுற்றாமல் நின்றால் வால்வு மூடிவிட்டது என்று சின்னத்தம்பிக்கு அர்த்தம். சுரண்டி வால்வின் நடுவில் சிக்கினாலும் சக்கரம் நிற்குமே. உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறதா என்று வடிகுழாயைத் திறந்து பார்க்கலாம்தான். அதில் எப்போதும் மெழுகு அடைத்திருக்கும், ஒன்றும் தெரியாது. ஆகவே வால்வுக்கு இந்தப் பக்கம் குழாய்க்குள் ஒரு முள்ளை வைத்து, சுரண்டி கடந்தால்தான் வெளியே மணி அடிக்கும்படி ஒரு வழி செய்தேன். படமும் வரைந்து எஞ்சினியர் துரையிடம் கொண்டுபோனேன். சுரண்டி சிக்கினால் கதவைத் திறப்பவன் என்ன ஆவான் என்பதையும் சொன்னேன். அவர் படத்தைப் பாராமலே சிரித்தார்.

“ஜெபதாஸின் காது இருக்கும்போது மணி எதற்கு? அது தவறியதே இல்லை.”

என் அப்பாவைப் புகழ்ந்ததாக அவருக்கு எண்ணம். அப்பாவுக்கும் அதே எண்ணம்தான். அன்று சாயங்காலம் நாங்கள் குடியிருந்த பசுண்டான் கூலி லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

“பாப்பா, தொர என்ன சொன்னாராம், கேட்டியா? மெசினு வேணாமாம். எங்காதே போதுமாம்.”

மறுநாள் சின்னத்தம்பி என் மேசைக்கு வந்து நின்றான். “என்ன மா ராஜகுமாரி, மணி கட்டப் போறியாமே? குழாய்க்கா, எருமைக்கா?” கொட்டகையே சிரித்தது. பெயருக்கு முன்னால் பர்மாக்காரர்களைப் போல ‘மா’ போட்டு மரியாதை கொடுப்பது அவன் வழக்கம். கெட்டவன் இல்லை. வெயிலில் நான் நடந்து வந்தால் தண்ணீர் மொண்டு வைப்பான். நான் அவன்மேல் கோபப்பட்டுச் செய்ததாக நீங்கள் எழுதிவிடக் கூடாது.

மழை ஓய்ந்த பிறகு மறுபடி போய் நின்றேன். “ஒரு தடவையாவது தவறட்டும், அப்போது பார்க்கலாம்” என்றார் துரை.

கவனியுங்கள், அவர் கேட்டது நிரூபணம். கணிதம் படித்தவளிடம் நிரூபணம் கேட்டால் அவள் கொடுப்பாள்.

சின்ன வயதில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது, சுரண்டி வருகிற சத்தத்தை வாயாலேயே செய்து காட்டி அவரைச் சிரிக்க வைப்பேன். அந்தச் சத்தம் அவருக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். அந்த மத்தியானம் சுரண்டி கடந்துவிட்டதாகக் கடைசி பம்ப் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. எப்போது வந்து சேரும் என்று கணக்குப் போட்டேன். ஒரு அரத்தையும் துணி சுற்றிய சுத்தியலையும் முந்தானையில் மறைத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன். மண்ணுக்குள்ளிருந்து குழாய் மேலே ஏறுகிற இடம் அது. புதர் மண்டிக் கிடக்கும், யாரும் வரமாட்டார்கள்.

நிஜச் சுரண்டி வருவதற்குச் சற்று முன்னால் அரத்தைக் குழாயில் முதலில் மெதுவாக உரசினேன். பிறகு வேகமாக. முடிவில் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு.

தகரத்துக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல் கேட்டது. “வந்துருச்சு.” சந்தேகமே இல்லாத குரல். குச்சியைச் சுவரில் சாத்துகிற சத்தமும் கேட்டது. இனி நிஜச் சுரண்டி வந்தாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை.

சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது. வழக்கமாக நிற்பதற்கு முன்னாலேயே நின்றது. என் கணக்கு சரி. சுரண்டி வால்வின் வாயில் வந்து சிக்கியிருந்தது. அந்த நேரத்தில் நான் கத்தியிருக்கலாம். நடுவே இருந்தது வெறும் தகரம், கேட்டிருக்கும். கத்தியிருந்தால் நிரூபணம் பாதியில் நின்றுபோயிருக்கும். காது தவறியது என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள், பைத்தியக்காரப் பெண் கத்தினாள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சின்னத்தம்பி ஒதுங்கி நிற்பான் என்று நினைத்தேன் என இப்போது சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கதவை எதிரே நின்றுதான் திறக்க முடியும்.

உள்ளே போனபோது, திறந்த கதவு வழியாகப் பாய்ந்த சுரண்டி அடித்து அவன் எதிர்ச்சுவரோரம் கிடந்தான். மெழுகும் எண்ணெயும் அப்பியிருந்ததால் முகம் தெரியவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. அப்பா குச்சியை மறுபடி எடுத்துக் குழாயில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேட்பவனின் கவனக்குறைவு என்று விசாரணையில் முடித்து அப்பாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். சின்னத்தம்பியின் பெண்சாதி பவுனம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். “அண்ணே, நல்லாக் கேட்டுட்டுத்தானே சொன்னீங்க?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அன்றிலிருந்து அவர் சுவரில் காதை வைத்துப் பார்க்கிறார், தண்ணீர்ப் பானையில் வைத்துப் பார்க்கிறார். என்னைப் பார்த்தால் கேட்பார். “கேட்டுச்சு பாப்பா. என் காதுல கேட்டுச்சே. கேக்காமயா சொன்னேன்?”

“வயசாச்சுப்பா” என்பேன். அவர் மனம் சமாதானமாக வேறு என்ன சொல்வது? ஒரு காரணம் இருந்தால் மனுஷன் தாங்கிக்கொள்வான்.

அப்போதே ஏன் வரவில்லை என்கிறீர்கள். அப்போது அவசியம் இல்லையே. மணியை வைக்கப்போவதாக உத்தரவு வந்துவிட்டது. என் படத்தின்படியேதான் செய்தார்கள், முள்ளின் வளைவுகூட மாறவில்லை. அருமையாக அடிக்கிறது. இனி அந்தக் கொட்டகையில் ஒருவனும் சாகமாட்டான். பவுனம்மாளுக்கும் இதை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

நேற்று அந்த மணிக்குக் கீழே ஒரு பித்தளைத் தகடு அடித்தார்கள். எஞ்சினியர் துரையின் கண்டுபிடிப்பு என்று அதில் பொறித்திருக்கிறது. நான் போய்க் கேட்டேன். “நீயா? நீ டெலிபோன் பெண்ணல்லவா?” என்றார்.

அதனால்தான் வந்தேன். சுரண்டி எப்படிச் சிக்கும், எந்த நொடியில் சிக்கும் என்று அந்தத் துரைக்குத் தெரியாது. தெரிந்தது எனக்கு மட்டும். அதற்குச் சாட்சி சின்னத்தம்பிதான். இதைவிடப் பெரிய நிரூபணம் என்னால் கொடுக்க முடியாது.

அவனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பெயருக்குப் பின்னால் பி.ஏ. விட்டுப்போகக் கூடாது. ஆனால் அந்த மணியை முதலில் எழுதுங்கள்.