கீழறைக்குப் போகும் ரயில்

தோட்டத்தில் சின்னதாக ஒரு ரயில் ஓட விட ஆசைப்படுகிறவர்கள், முதலில் மழைத் தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். பாதையைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். நான் அவசரப்பட்டு முதல் தடவை வாழைகளுக்குப் பக்கமாகப் போட்டேன். ஒரே ஒரு பின்னேர மழையில் பத்தடிப் பாதை மண்ணோடு போய்விட்டது. இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் தாளையும் பேனையையும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். அதனால் ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன். தமிழில் எழுத விட்டதற்கு நன்றி. என் சிங்களம் கடைத்தெருவுக்குப் போதும், இதற்குப் போதாது.

என் பெயர் அழகுமுத்து. வயது அறுபத்தைந்து. ரயில்வேயில் முப்பத்தொரு வருஷம் வேலை செய்தேன். மாத்தளையிலிருந்து நாவுல போகிற வீதியில் எங்கள் வீடு. குசினிக் கதவைத் திறந்தால் தோட்டம் சரிவாக இறங்கும். இரண்டு கொக்கோ மரம், கொஞ்சம் மிளகுக் கொடி, அடியில் ஓர் அறை. அப்பா காலத்தில் அது மிளகு ஸ்டோர். அதில்தான் என் தம்பி யோகராஜ் இருந்தான்.

அவன் இருபத்தெட்டு வருஷம் துபாயில் இருந்தவன். கல்யாணம் கட்டவில்லை. போன வருஷம் பக்கவாதம் வந்து, வலப்பக்கம் முழுவதும் விழுந்த நிலையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். வீட்டுக்கு ஏழு படி ஏற வேண்டும், கீழறைக்குப் படி இல்லை, ஆகவே அங்கே கட்டில் போட்டோம். இடது கை வேலை செய்யும். ஆனால் கைபேசியைக் கொடுத்தால் விரல்கள் எல்லா இலக்கத்தையும் ஒன்றாக அழுத்தும். பேச்சும் குழறும். "அண்ணே" என்பது மட்டும் தெளிவாக வரும்.

குசினியிலிருந்து அவன் கட்டிலுக்கு முப்பத்தெட்டு காலடி. என் மனைவி மங்களேஸ்வரி ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை ஏறி இறங்கினாள். எனக்கு முழங்கால் தேய்மானம். சும்மா உட்கார்ந்து அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க வெட்கமாக இருந்தது. அதனால்தான் ரயில். இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அவனுக்குச் சோறு போய்ச் சேர வேண்டும் என்றுதான் நான் அதைச் செய்தேன்.

வேலை கஷ்டமில்லை. கதவு ஜன்னல் செய்கிற கடையில் மிஞ்சிய அலுமினியத் துண்டுகள் தண்டவாளம். பலகைச் சீவல்கள் சிலிப்பர் கட்டை. அடியில் சல்லிக்கல். பழைய விளையாட்டுக் காரின் மோட்டார், ஒரு பெட்டரி, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு சுவிட்ச். நிலம் சரிய சரியப் பாதையைக் கட்டைக் கால்களில் தூக்கி, ஜன்னல் வழியாக அவன் கட்டில் மட்டத்துக்கே கொண்டுபோனேன். சோற்றுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் குலுங்காமல் போய் அவன் இடது கையருகே நிற்கும். அவன் எடுத்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினால் வண்டி திரும்பி ஏறி வரும். முதல் நாள் அவன் சிரித்தான். கோணிய வாயோடு சிரித்தாலும் அது அவனுடைய பழைய சிரிப்புத்தான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

துண்டுகளுக்கு நடுவில் ஒரு ரூபாய்க் குற்றியின் கனத்துக்கு இடைவெளி விட மறக்கக் கூடாது. வெயிலில் உலோகம் நீளும். நீள இடம் இல்லாவிட்டால் வளைந்து மேலே கிளம்பும். ரயில்வேயில் இது முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிற பாடம்.

வளையத்தைப் பற்றியும் எழுத வேண்டும். ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். அந்த அனுமதிக்கு அடையாளமாக டிரைவர் கையில் ஒரு வளையம் கொடுப்போம். அது கையில் இல்லாமல் வண்டி நகராது. ராஜாவே வந்து சொன்னாலும் நகராது. நான் கம்பியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வளையம் செய்து சிவப்புத் துணி சுற்றினேன். வளையம் என்னிடம் இருந்தால் நான் அனுப்புவேன். அவனிடம் போனால், அவன் அதைத் திருப்பி அனுப்பி அது என் கைக்கு வந்த பிறகுதான் அடுத்த வண்டி.

"ஒரே ஒரு ரயிலுதானே ஓடுது, எதோட போய் மோதப் போகுது?" என்று மங்களேஸ்வரி கேட்டாள். "சோறு குடுக்கக்கூட சிக்னல் வேணுமா உங்களுக்கு?"

 ரயில்வேக்காரனைக் கட்டி நாற்பது வருஷமாகியும் அவளுக்கு விளங்காதது இனிமேலா விளங்கப் போகிறது? நான் ஒரு தடவை அந்த விதியை மீறியவன். மீறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அப்போது நான் ஒரு சின்ன ஸ்டேஷனில் பொயின்ட்ஸ்மேன், டிரைவருக்கு வளையம் கொடுப்பது என் வேலை. பாதை பார்க்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு முன்னால் போன டிராலி அடுத்த ஸ்டேஷனைச் சேர்ந்த செய்தி வரவில்லை. காலை வண்டி நின்றுகொண்டிருந்தது. அந்த வண்டியில் யோகராஜ் இருந்தான். வெளிநாட்டு வேலைக்கு அன்றைக்குக் கண்டியில் அவனுக்கு நேர்முகம்.

"அண்ணே, குடுத்து விடுண்ணே. ஒம்பது மணிக்கு நான் அங்க நிக்கணும். டிராலி இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும்ணே" என்றான்.

வளையத்தைக் கொடுத்தேன். டிராலி போய்ச் சேர்ந்திருக்கவில்லை. வளைவில் வண்டியைக் கண்டு இரண்டு பேர் பள்ளத்தில் குதித்தார்கள். நடராஜா என்பவருக்குக் கணுக்கால் முறிந்தது. தப்பு முழுக்க என்னுடையது, விசாரணையில் அப்படித்தான் சொன்னேன். தம்பியின் பெயரை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு தண்டனையாக, ஓய்வு பெறும்வரை ரயில் கடவையில் ஒரு கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவனுக்கு அந்த வேலை கிடைத்தது.

நான் அதை மனதில் வைத்துக்கொண்டிருந்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அந்தப் பேச்சை எடுத்தேன். அது போன திங்கட்கிழமை.

அதற்கு முதல் நாள் வில்கமுவையில் இருக்கும் மகள் நிரோஜாவுக்கு நாள் முந்திப் பிரசவ வலி கண்டுவிட்டது. மங்களேஸ்வரி கையில் கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்க ஓடினாள். "தம்பிய நீங்களே எறங்கிப் போய்ப் பாருங்க. காலையில மேலு தொடச்சு விடுங்க. ரயில நம்பி ஒக்காந்திராதீங்க" என்று படலையில் நின்று இரண்டு தடவை சொன்னாள். ஞாயிறும் திங்களும் இறங்கிப் போனேன். கைத்தடியோடு மெல்ல இறங்கினால் முழங்கால் ஒத்துழைக்கிறது.

திங்கட்கிழமை அவனுக்கு முதுகு துடைத்துவிட்டுக்கொண்டே, "அந்த டிராலி ஞாபகம் இருக்கா உனக்கு?" என்று கேட்டேன்.

 "எந்த டிராலிண்ணே?" என்று குழறினான்.

மூளையில் அடைப்பு வந்தவர்களுக்கு ஞாபகத்தில் ஓட்டை விழும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அவன்மேல் கோபமில்லை. சட்டையைப் போட்டுவிட்டு மேலே வந்தேன். வரும்போது கொக்கோ மரத்தடியில் தண்டவாளம் கொஞ்சம் ஆடுவது போலிருந்தது. உட்கார்ந்து அங்கே இருந்த நான்கு இணைப்புகளையும் நெருக்கி, இடைவெளி இல்லாமல் இறுக்கினேன். முப்பத்தொரு வருஷ ரயில்வேக்காரன் ஏன் அப்படிச் செய்தான் என்று நீங்கள் நேற்று மூன்று தடவை கேட்டீர்கள். ஆடியது, இறுக்கினேன், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை நல்ல வெயில். பதினொன்றரைக்குச் சோறு, பருப்பு, கருவாட்டுப் பொரியல், ஒரு போத்தல் தண்ணீர், வளையம் எல்லாம் ஏற்றி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. ஒன்றரைக்கு வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. பாதி வழியில் நின்றுவிட்டது. நான் குசினியில் கதிரையைப் போட்டுக் காத்திருந்தேன். வளையம் வரவில்லை.

அன்றிரவுக்குச் சமைத்தேன். சமைக்காமல் இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று வேளையும் சுடச்சுட ஆக்கி, பெட்டியில் போட்டு, தயாராக வைத்திருந்தேன். அரைமணி நேரம் பார்ப்பேன். வளையம் வராவிட்டால் பெட்டியைக் காலி செய்து கழுவி வைப்பேன். நான் வேறு என்ன செய்ய முடியும்? ஒரு தடவை இரக்கப்பட்டு ஓர் ஆளின் காலை முறித்தவன் நான். என் கைகள் கட்டப்பட்டிருந்தன.

அவன் கூப்பிட்டான். முதலில் அடிக்கடி, பிறகு விட்டுவிட்டு. "அண்ணே" என்பது மட்டும்தான். அது எனக்கு வேதனையாக இருந்தது. எழுந்து கதவுவரை போவேன், திரும்பி வந்து உட்காருவேன். அந்த மூன்று நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

புதன்கிழமை பக்கத்து வீட்டு மஸீனா வேலியில் நின்று, "அண்ணன், யோகராஜ் அண்ணன் கூப்பிடுறாரு போல. நான் போய்ப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். "வேணாம்மா, எனக்கும் கேக்குது. நான் பாத்துக்கிறேன்" என்றேன். நல்ல பிள்ளை. அவளை இதில் இழுக்காதீர்கள்.

அன்று மாலை மங்களேஸ்வரி போன் எடுத்தாள். ஆண் குழந்தையாம். "தம்பி சாப்பிட்டாரா?" என்று கேட்டாள். "சோறு ரெடியா இருக்கு" என்றேன். அது உண்மை. அங்கே சிக்னல் சரியில்லை, பேச்சு அறுந்துவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு சத்தம் இல்லை.

நீங்கள் என் குசினி ஜன்னலில் நின்று பார்த்தீர்கள். ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன். அங்கிருந்து கொக்கோ மரத்தடி நன்றாகத் தெரியும். பதினொரு காலடிதான். செவ்வாய்க்கிழமை ஒன்றரைக்கே தண்டவாளம் வளைந்து கிளம்பியிருப்பதையும், வண்டி பக்கவாட்டில் சரிந்து கிடப்பதையும், வெறும் போத்தல் உருண்டிருப்பதையும், சிவப்புத் துணி சுற்றிய வளையத்தையும் நான் பார்த்தேன். அவன் தன் பங்கைச் சரியாகச் செய்திருந்தான். மூன்று நாளும் நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் பார்வைக்குத் தெரிவது வந்து சேர்ந்ததாகாது. கைக்கு வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை மங்களேஸ்வரி வந்தாள். பையைக்கூட வைக்காமல் நேரே கீழறைக்கு இறங்கினாள். அவள் அவன் பெயரைச் சொல்லி அழும் குரல் கேட்டது.  ஏறி வரும்போது கொக்கோ மரத்தடியில் நின்றாள். குனிந்து வளையத்தை எடுத்தாள். குசினிக்கு வந்து என் கையில் வைத்தாள்.

"இந்தாங்க. வந்துருச்சு. இப்ப அனுப்புங்க" என்றாள்.

நான் உடனே எழுந்தேன். இறங்கிப் போய்த் தண்டவாளத்தை நிமிர்த்தி, இணைப்புகளில் இடைவெளி விட்டு, வண்டியைத் தூக்கி வைத்தேன். காலைச் சோறு அப்போதுதான் இறக்கியிருந்தேன், ஆவி பறந்தது. பெட்டியில் போட்டு, போத்தலில் தண்ணீர் நிரப்பி, வளையத்தையும் வைத்து, சுவிட்சைத் தட்டினேன். எங்கும் தடம் புரளாமல் ஜன்னலுக்குள் போய் அவன் இடது கையருகே நின்றது. சார், வளையம் என் கைக்கு வந்த பிறகு நான் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. அதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.