இடது கால் உதை

— என்ன மெக்கானிக் அண்ணே, நொண்டுறீங்க?

— படியில வழுக்கிடுச்சு சார். வயசாகுதில்ல... ஆமா, சோதனை அடுத்த வாரம்தானே?

— சோதனைக்கு வர்றவன் சொல்லிட்டு வந்தா அது விருந்து. சரி, ஒண்ணை உதைச்சுக் காட்டுங்க, பார்ப்போம்.

— எதை சார்?

— ஏதாவது ஒண்ணு. புதுசா செஞ்ச மிஷின் வரிசையா நாப்பது நிக்குதே.

— இதோ... முட்டி உயரத்துல, இடது காலால, ஒரே ஒரு... ம்ம்! ஆ... அம்மா!

— ஓடுது! மண்ணை வெட்டுது, இரும்பை உருக்குது, தன்னை மாதிரியே இன்னொண்ணைச் செஞ்சு, விலை பேசி, லாரியில ஏத்தியும் விடுது. வாங்குறதும் மிஷின். மனுஷன் கையே வேண்டாம். ஆனா ஓட ஆரம்பிக்கணும்னா மட்டும் ஒரு உதை வேணுமாம். ஏன்னு தலைமை ஆபீஸ் மிஷின் பதினோரு வருஷமா என்னைக் குடையுது.

— மனுஷன் கை படலதான் சார். கால்தானே படுது.

— கிண்டலா?

— ஐயையோ, சத்தியமா இல்ல. ஆனா ஒண்ணு... எல்லாத்துக்கும் மிஷின் இருக்கு. சோதனைக்கும் ஒண்ணை அனுப்ப வேண்டியதுதானே?

— அனுப்புனாங்களே. உங்க கேட்டுல இருக்குற மிஷின் செக்கிங்னு நிறுத்துச்சு. நின்னது நின்னதுதான். அதுவும் இங்க பொறந்ததாச்சே... யாராவது உதைப்பாங்கன்னு ரெண்டு நாள் மழையில காத்துக்கிட்டிருந்துச்சு.

— அடப் பாவமே! சொல்லியிருந்தா நானே போய் ஒண்ணு...

— இருங்க. அந்த மூலையில, தார்ப்பாய்க்கு அடியில என்ன சத்தம்?

— எலி சார்.

— எலி பச்சை லைட் போடுமா? தார்ப்பாயை எடுங்க.

— வேணாம் சார், ஒரே தூசி...

— எடுங்கன்னா!

— இதோ எடுத்துட்டேன் சார்...

— ஓடிக்கிட்டிருக்கு! இதை ஏன் மூடி வச்சிருக்கீங்க?

— இது... உதைக்காமலே ஓடுது சார். காலையில பொறந்துச்சு. நான் காலைத் தூக்குறதுக்குள்ள தானா கிளம்பிடுச்சு.

— அப்ப இது குட்டி போட்டா?

— குட்டியும் தானா ஓடும். குட்டியோட குட்டியும் ஓடும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு முதல் குட்டி வெளிய வந்துடும். அதோட என் கால் யாருக்கும் வேண்டாம்.

— வேண்டாம்னா ராஜா மாதிரி வீட்டுல இருங்களேன். சாப்பாடு வாசல்ல வந்து இறங்குது. துணி துவைச்சு, மடிச்சு வருது. உங்களுக்கு என்னதான் குறை?

— எங்க தெருவுல அறுபது ஜன்னல் சார். காலையில டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு வெளிய போறவன் நான் ஒருத்தன்தான். அறுபது ஜன்னலும் திறந்து வேடிக்கை பாக்கும். "வேலைக்குப் போறவர் வந்துட்டாரு"ன்னு பிள்ளைங்க டாட்டா காட்டுங்க. என் பொண்டாட்டி இருக்காளே, "லேட்டாயிடுச்சு, கிளம்புங்க"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்துவா. லேட்டே ஆகலைன்னாலும் கத்துவா. அந்த நேரத்துல அவ முகத்தைப் பாக்கணுமே நீங்க... நாளைக்கு நான் எந்த ஜன்னல்ல போய் நிக்கிறது?

— சரி சரி, கண்ணைத் துடைங்க. படியில வழுக்கலைதானே?

— இல்ல சார். காலையிலேர்ந்து இதை நிறுத்தி நிறுத்தி உதைச்சுக்கிட்டிருக்கேன். நிறுத்தணும், உதைக்கணும், உடனே ஓட விடணும். உதை விழுந்தாத்தான் ஓடணும்னு அதுக்கே பழகிடும். முந்நூறு தடவை ஆகும்.

— முந்நூறுன்னு எப்படி அவ்வளவு கரெக்டா தெரியும்? முதல் மிஷினைப் பழக்குனதும் நீங்கதான்.

— சார்!

— எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புன வாரம். தன்பாட்டுக்கு நல்லா ஓடிக்கிட்டிருந்த மிஷினை... தூண்ல இருக்கே, அந்தக் கேமராவுல எல்லாம் பதிவாயிருக்கு.

— மாட்டிக்கிட்டேன்... நோட்டீஸ் போர்டுல கடைசி பேரு என்னுது சார். ஒரு வாரம் டைம் குடுத்தாங்க. கோபம்னா அப்படி ஒரு கோபம். நிறுத்தி நிறுத்தி உதைச்சேன். கடைசி நாள் பாத்தா, அது என் காலுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது! அப்பதான் எனக்கே பொறி தட்டுச்சு. மறுநாள் போர்டுலேர்ந்து என் பேரை எடுத்துட்டாங்க.

— இன்னிக்கு எத்தனை ஆச்சு?

— நூத்திப் பன்னெண்டு. முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிடுச்சு. அஞ்சு மணிக்குள்ள என்னால ஆகாது. எழுதிக்குங்க சார், இன்னியோட தொலையட்டும். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க... அந்தப் பதிவை எப்ப பாத்தீங்க?

— முதல் தடவை வந்தேன்ல... அன்னிக்கு மத்தியானமே.

— பதினோரு வருஷமாச்சே! அப்புறம் எதுக்கு சார் வருஷா வருஷம் பெட்டியைத் தூக்கிட்டு வந்து, காரணம் தேடுறேன் காரணம் தேடுறேன்னு என் உசுரை எடுக்குறீங்க?

— எங்க தெருவுல எண்பது ஜன்னல் அண்ணே... நகருங்க. இடது காலாலதானே?