இணைச்சீருக்கு ஒரு தங்கச்சி

— ஏனுங்க, டீயக் குடிச்சுப்போட்டு ஒரு பதிலச் சொல்லுங்க. புரோக்கர் சாமியப்பன் மறுக்காவும் போன் பண்ணீட்டாரு. இணைச்சீருக்கு மாப்பிள்ளை பக்கத்துல ஆரு உக்காருவாங்கன்னு பொங்கலூர்ல பொண்ணோட அம்மாவப் பெத்த அப்புச்சி கேக்கறாராமா.

— நாளைக்குத்தான் பொண்ணையே பாக்கப் போறோம். அதுக்குள்ள சீருக்குப் போயிட்டாங்களா, மயிலா?

— பொண்ணு வெச்சிருக்கறவங்க கேக்கற காலமுங்க இது. நம்ம தரணிக்கு முப்பத்தஞ்சாச்சு. இத்தன வருசத்துல எந்தப் பொண்ணூட்லயும் ஒருவாய் காப்பிக்குக் கூடக் கூப்புடுல. இதாவது அமையோணும்னு எனக்கு அடிச்சுக்குது. கூடப் பொறந்தவ சேலைத் தலைப்பப் புடிச்சு இணைச்சீர் முடிஞ்சாத்தான தாலி?

— கூடப் பொறந்தவளுக்கு நான் எங்கீங்கம்மா போறது? அன்னிக்கே ஒண்ணு பெத்து வெச்சிருக்கோணும் நீங்க.

— என்னையக் கேக்காத கண்ணு, உங்கப்பாவக் கேளு. ரெண்டாவது வந்தா தோட்டம் துண்டாயிரும்னவரு அவருதான்.

— நான் மட்டுமா சொன்னேன்? எங்கண்ணனும் ஒண்ணோட நிறுத்துனான், உன்ற தங்கச்சியும் ஒண்ணோட நிறுத்துனா. மூணும் பசங்களாப் போச்சு. எங்க பெரியப்பன் சித்தப்பன் ஊட்லயும் கேட்டுப் பாத்துட்டேன், அங்கயும் அதே கதைதான்.

— தோட்டம் துண்டாகுலீங்கப்பா, முழுசாத்தான் இருக்குது. முழுசுலயும் லைன் வீடு கட்டி ஒடிசாக்காரங்களக் குடி வெச்சிருக்கீங்க.

— அவங்க வர்லீன்னா நம்ம பனியன் கம்பெனில மிசின் ஓட்ட ஆளேதுடா? இந்த வேலம்பாளையத்துல கொழந்தை அழுகற சத்தமே அந்த லைன் வீட்லதான் கேக்குது.

— அதத்தான் நானும் சொல்ல வந்தனுங்க. செக்கிங்ல இருக்கற நம்ம மினதிய உக்கார வெச்சா என்ன?

— ஒடியாக்காரப் புள்ளையவா? சொந்தக்காரன் சிரிப்பான் மயிலா.

— சிரிக்கறவன் ஊட்ல பொண்ணு இருந்தா அனுப்பியுடச் சொல்லுங்க.

— அம்மா, அந்தப் புள்ள வேண்டாமுங்க.

— ஏன் வேண்டாம்? எனக்கு முட்டி வலின்னா ஆஸ்பத்திரிக்கு வண்டில கூட்டிட்டுப் போறது அவதான், நீயில்ல. பேச்சக் கேட்டா ஒடிசான்னு ஆராவது சொல்லுவாங்களா? "ஏனுங்கம்மா, ஊட்ல இருக்கீங்களா"ன்னுட்டுத்தான் உள்ளயே வருவா. இங்க பொறந்த நீதான் ஆரப் பாத்தாலும் ப்ரோங்கற.

— அதுவும் நாயந்தான். வந்து எட்டு வருசமாச்சு, ஒருத்தரு ஒரு கொறை சொன்னதில்ல. செரி, அவ நம்மூட்டுப் புள்ளைதான். எவன் வந்து கேட்டாலும் நான் பேசிக்கறேன்.

— நெசமாத்தான் சொல்றீங்களாப்பா? நம்மூட்டுப் புள்ளைன்னு?

— பின்ன என்ன, வெளையாட்டுக்கா சொல்றேன்? நீ ஏன்டா இப்படி வேத்து ஊத்தற? ஃபேனப் போடு.

— அவனுக்குக் கூச்சமுங்க. இதுல கூச்சப்பட என்ன இருக்குது கண்ணு? ஆவணியில அவங்கூர் வழக்கம்னு கம்பெனிக்கே ராக்கி கட்டுனாளே, அண்ணன் தம்பியா நெனைக்கறவங்களுக்குக் கட்டற கயிறாமா. கட்டிங் மாஸ்டர் தமிழ்செல்வனுக்குக் கட்டுனா. அறுவது வயசு வாட்ச்மேன் தங்கராஜுக்கே கட்டுனா. அப்பவே உனக்கும் தங்கச்சி ஆயிட்டா போ.

— எனக்குக் கட்டுலீங்கம்மா.

— ஏன், அன்னிக்கு நீ கம்பெனில இல்லியா?

— பக்கத்துலதான் நின்னனுங்க. "உங்களுக்கு மட்டும் கட்ட மாட்டேன்"னுட்டா. நானும் கையை நீட்டுலீங்க.